அப்பாவை நாலு மணிக்கு ஓட்டச் சொல்

செக்காலை ரோடு,
காரைக்குடி.

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. குன்றக்குடி முருகன் புண்ணியத்தில் இங்கே கடையும் வீடும் நல்லபடி இருக்கின்றன, நெதர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவர் காது கேட்க இதைப் பேச முடியாது. அதனால் கடையில் வைத்து எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு தாயி.

அப்பா மாதிரி நடுக்குவாதம் வந்தவர்கள் வண்டி ஓட்டலாமா என்று பார்க்க நீ செய்கிற மிசினை வைகாசியில் வந்தபோது ஹாலில் பொருத்தி அப்பாவை ஓட்டச் சொன்னாயே, திரையில் குறுக்கே வந்த பிள்ளைக்கும் மாட்டுக்கும் சரியாகப் பிரேக் போட்டார், நீயும் கைதட்டினாய். அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. சாவியைக் கேட்டால், "எம் மகளோட மிசினே பாஸ் போட்டுருச்சு, நீ யாருடி சர்டிபிகேட் குடுக்க" என்கிறார். போன செவ்வாய்க்கிழமை கோட்டையூரில் மிளகாய் மூட்டை இறக்கிவிட்டுச் சாயங்காலம் கடை வேனில் திரும்பினோம், நானும் பக்கத்தில் இருந்தேன். முன்னால் போன டவுன் பஸ் ஸ்டாப்பில் நின்றது, அப்பாவின் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழும்பவே இல்லை. அவரும் காலைப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன், அது வேறு யாருடைய காலோ போல அங்கேயே இருக்கிறது. நல்லவேளை கை ஸ்டீயரிங்கை ஒடித்தது, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றோம், ஒருவருக்கும் அடியில்லை. கூடிய ஆட்களிடம் ஆடு குறுக்கே வந்ததாகச் சொன்னார். டீக்கடைக்காரர் சும்மா இருக்காமல், "எந்த ஆட்டைண்ணே சொல்றீக, அது எங்குட்டுப் போச்சு?" என்று கேட்டார். நாலு பேர் முன்னால் அவர் முகம் வாடக் கூடாதே என்று, "அந்தா அங்குட்டு ஓடுது பாருங்க" என்று இல்லாத ஆட்டை நான் கைகாட்டினேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபிக்காதே. எந்த மிளகாய் மூட்டையையும் வாய்ப்பக்கம் பார்த்து நான் வாங்கியதில்லை, குத்தூசியை நடுவில் இறக்கி உள்ளே இருக்கிற வத்தலை எடுத்துப் பார்த்துத்தான் விலை பேசுவேன். நீ அப்பாவை ஓட்டச் சொன்னது காலையில் மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டு, உடம்பு நன்றாக இளகியிருந்த நேரம். மகள் பார்க்கிறாள் என்ற ரோஷம் வேறு. சாயங்காலம் நாலு மணிக்கு, அடுத்த மாத்திரைக்கு முன்னால் அவரைப் பார்த்திருக்கிறாயா? வாசற்படி தாண்டவே கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. உன் மிசினுக்கு அந்த நேரத்து அப்பாவைத் தெரியாது.

வருகிற வெள்ளிக்கிழமை நாச்சியாபுரத்துச் சித்தப்பா பேத்திக்குக் குன்றக்குடியில் காதுகுத்து. பெண்டுபிள்ளைகளை எல்லாம் தானே வேனில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார், திரும்பி வர சாயங்காலம் ஆகிவிடும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு நீ வீடியோவில் கூப்பிட்டு, மிசினில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன், மாத்திரை போடுமுன் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல். நீ விட்டுப்போன திரையும் பெடலும் ஸ்டீயரிங்கும் துணி போட்டு மூடி அப்படியே இருக்கின்றன. அப்பா என்று இரக்கப்பட்டுக் கூட்டிச் சொல்லாதே, வருகிறதை வந்தபடி சொல். நான் சொன்னால் பொம்பளை பயப்படுகிறாள் என்பார், நீ சொன்னால் கேட்பார். நன்றாக ஓட்டினால் நான் வாயைத் திறக்க மாட்டேன், முன் சீட்டில் நானே ஏறி உட்காருவேன்.

நேற்று மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அப்பா துணியை எடுத்துவிட்டு அந்த மிசினில் உட்கார்ந்திருந்தார். திரையைப் போடவில்லை. குனிந்து வலது காலையே பார்த்து, "ம், எந்திரி, எந்திரி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எழுந்ததா என்று நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, சாப்பிடாமலே கடைக்கு வந்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் வாழ வேண்டும். வியாழக்கிழமை, நாலு மணி, நம்ம ஊர் நேரம்.

உன் அம்மா,
பொன்னழகு