நிற்கட்டும் என்று ஒரு பெயர்

என் கண்மணி பெகிமாய்க்கு,

நாரின் மலைகளின் சக்கரவர்த்தியும், நொண்டி ஆடுகளின் படைத்தலைவனும், உன் அம்மாவின் தம்பியுமான தொக்தோசுன் மாமா எழுதுவது. இங்கே மந்தை சுகம், மனிதர்கள் சுகம், குதிரைக்குக் கொஞ்சம் கர்வம் கூடியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளை எர்சுல்தானும், உன் வயிற்றுக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் துரையோ துரைசானியோ, மூவரும் சுகம்தானே. இந்த வருஷப் பனியில் எங்கள் வீடு மூழ்கிப்போய், புகைபோக்கியைக் குதிரைமேல் நின்றுகொண்டு தேடிக் கண்டுபிடித்தேன். நம்பாவிட்டால் உன் அத்தையைக் கேள், அவளும் நம்பமாட்டாள். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போன் பேசும்போதெல்லாம் உன் சுராகான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறாள். "வயித்துப் புள்ளக்காரிகிட்ட ஆஸ்பத்திரிக் கதைய அளந்தீங்க, சோத்துல கைவைக்க முடியாது பாத்துக்கோங்க" என்கிறாள். அதனால் அவள் கட்டிய காய்ந்த தயிர் உருண்டை மூட்டைக்குள் இதைச் செருகி, மாஸ்கோவுக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான் தாயே. உனக்கு மாதம் நெருங்குகிறது, எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன் அம்மா சல்கின் உன்னைப் பெற்ற அன்றே போனாள் என்பது உனக்குத் தெரியும். ரத்தம் நிற்காமல் போனாள் என்பதும் தெரியும். அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் நாங்கள் யாரும் உன்னிடம் சொன்னதில்லை. அன்று நான் மேலே கோடை மேய்ச்சலில் இருந்தேன். ஆள் வந்து சொல்லி, குதிரையைப் பறக்கவிட்டு, ஆற்றைத் தண்ணீர் நனைக்காமல் தாண்டி வந்து சேர்ந்தபோது வாசலில் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். கூட இருந்த மருத்துவச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரத்தான்டா தம்பி கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா, தொக்தோசுன் தொக்தோசுன்னு" என்றாள். அன்றிலிருந்து அந்தக் குரல் என்னை விடவில்லை. கெட்டில் கொதித்தால் கூப்பிடுகிறாள். கூடாரத் துணியில் காற்று அடித்தால் கூப்பிடுகிறாள். மழை விடாமல் பெய்யும்போது யாராவது நிற்கட்டும் என்று அலுத்துக்கொண்டால், நம் பேச்சில் அதுவும் தொக்தோசுன்தானே, நான் திரும்பிப் பார்ப்பேன். உன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த குழந்தைகள் தங்காமல் போக, சாவு இவனோடு நிற்கட்டும் என்று எனக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஊரெல்லாம் சொல்லும் சொல்லை ஒருவனுக்குப் பெயராக வைத்தால் அவன் வாழ்நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் கோமாளியானதே அதனால்தான், சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தால் வேறெதுவும் காதில் விழாது.

போன மாதம் என் கூட்டாளி பெய்ஷென் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவனைப் பார்க்க மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். பட்டப்பகல். வராந்தாவில் நின்று குல்லாவில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தேன், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், தொக்தோசுன், தொக்தோசுன். அது அவள் குரல்தான் பெகிமாய், உன் அம்மாவின் குரல். இந்த முறையாவது விடக்கூடாது என்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, "வந்துட்டேன், நான்தான் தொக்தோசுன்" என்று நின்றேன். உள்ளே பிரசவம். வெளுத்துப்போன ஒரு பெண் கண்மூடிக் கிடந்தாள், அவள் காலடியில் நின்ற நர்ஸ் அய்சாதா என்னைப் பார்த்த பார்வையில் என் மீசை பாதி கருகிவிட்டது. "யாருய்யா உன்னக் கூப்பிட்டது? ரத்தம் நிக்கட்டும், நிக்கட்டும்னு நாங்க வேண்டிக்கிட்டு இருக்கோம், நீ பூட்ஸோட வந்து நிக்கிற" என்று வெளியே தள்ளினாள்.

வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் அம்மா என்னைக் கூப்பிடவே இல்லையோ என்னவோ. ரத்தம் நிற்கட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கலாம். என் பெயரா, அந்த வேண்டுதலா, எது என்று சொல்ல இப்போது அவளும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை.

அய்சாதா வெளியே வந்ததும் என் ரத்தம் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது, எடுத்து அந்தப் பெண்ணுக்குக் கொடு என்று சட்டைக்கையைச் சுருட்டினேன். அவள் சிரித்தாள். "அவ பொழச்சிட்டாண்ணே. ஃப்ரிட்ஜில ஒரு பை இருந்துச்சு, அவளுக்குச் சேர்ற வகைதான். ரத்தங்கிறது ஓடிவந்து குடுக்கிறதில்ல, முன்னாடியே வந்து குடுத்துட்டுப் போறது. ஒங்கள சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ போயிருப்பா" என்றாள். அந்தப் பை யாருடையது என்று கேட்டேன். தெரியாதாம். என்றோ யாரோ சும்மா வந்து கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் அம்மாவின் நாளில் எங்கள் ஊர் மருத்துவமனை ஃப்ரிட்ஜில் வெண்ணெய்கூட இல்லை. நம் ஆட்களை உனக்குத் தெரியுமே, சொந்தக்காரன் படுத்தால் கிளையே திரண்டு வந்து கையை நீட்டும், ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரைச் சொல்லி உறவு பார்க்கும், அதற்குள் கிடப்பவர் உடம்பு சில்லிட்டுவிடும். ஆனாலும் சுருட்டிய கையை இறக்க மனம் வரவில்லை, கொடுத்தேன். ஊசியைப் பார்த்து நான் மயங்கியதாக பெய்ஷென் சொல்லித் திரிவான், நம்பாதே, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். என் பை யாருக்குப் போகும் என்று கேட்டபோது அய்சாதா, "இன்னும் கூப்பிடாத ஆளுக்கு" என்றாள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் காற்று அடித்தது, யாரும் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிடுவாள், தெரியும். டாக்டர் விடுகிற போதெல்லாம் போய்க் கொடுக்கப்போகிறேன்.

இப்போது நீ காதைக் கொடு. உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரே ரத்தம், முதல் வகை, அதாவது ஓ நெகட்டிவ். அவசரத்துக்கு யாருக்கும் சேரும், நமக்கோ நம்முடையது மட்டும்தான் சேரும். நம் பக்கம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாளைக்கே டாக்டரிடம் இதைச் சொல், சொன்னதை மறுபடியும் சொல். மாப்பிள்ளையையும் அவரோடு டாக்ஸி ஓட்டும் நண்பர்களையும் போய்க் கொடுக்கச் சொல், உனக்கென்று இல்லை, சும்மா, யாருக்காவது. அங்கே பிரசவ அறையில் ரஷ்ய மொழியில்தான் பேசுவார்கள். ரத்தம் நிற்கட்டும் என்று யார் சொன்னாலும் அது என் பெயராக ஒலிக்காது, நான் எந்த வராந்தாவில் நின்றாலும் எனக்குக் கேட்காது. என் பயமெல்லாம் அதுதான். அங்கே உனக்கு முன்னாலேயே ஒருவர் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அக்காள் பிள்ளை வருவதற்குப் பதில் ஏழு ஓநாய் வரலாம் என்பார்கள், மாமன் வீட்டில் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டுமே. வந்து என் கர்வம் பிடித்த குதிரையை எடுத்துக்கொள், நீ வந்தால் போதும். வழி வெளிச்சமாக இருக்கட்டும், மடி நிறையட்டும், தாயும் பிள்ளையும் என் தாடி வெள்ளியாவதைப் பார்த்துச் சிரிக்கட்டும். கம்பளிக் காலுறையைக் கழற்றாதே. பையன் பிறந்தால் என் பெயரை வைத்துவிடாதே, ஒரு குடும்பத்தில் ஒருவன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கூப்பிடாமலே போய் நிற்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தாய்மாமன்
தொக்தோசுன்