வெள்ளைக் குதிரைப் பாட்டு

முந்தாநாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உன் தங்கை பாவாயி தண்ணீர் மொண்டபடி பாடினாள். மூன்றாவது அடியின் நடுவில் நீ எங்கே மூச்சு வாங்குவாயோ, அவளும் அங்கேயே வாங்கினாள். அதற்குப் பிறகுதான் அது என்ன பாட்டு என்று கவனித்தேன். நம் பாட்டுத்தான்.

வெள்ளக் குதிரையில வாராராம் – மச்சான்
வெட்டிவேர் மாலையும் தாராராம்
மண்ணுல கால்பட உடமாட்டாராம் – பொண்ணு
மனசு நோகவும் உடமாட்டாராம்.

உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்; அதுவரை படித்த எழுத்தெல்லாம் கும்மிப் பாட்டுக்குத்தான் உதவியது. நான் அடி கட்டுவேன், நீ பாடுவாய். வட்டத்தில் உன் பின்னால் ஒளிந்துகொண்டு கை தட்டுவதோடு என் வேலை முடிந்துவிடும். நான் பார்த்திருந்த ஒரே குதிரை நாமகிரிப்பேட்டைச் சந்தைக்கு வரும் ஜட்கா வண்டிக் குதிரை. அது வெள்ளைகூட இல்லை. உன் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றாய். எனக்கு இருந்த ஆசையெல்லாம் அதில் வைத்தேன்.

"நெசமா இப்பிடி இருப்பாங்களா புள்ள?" என்று கேட்டாய்.

"இருப்பாங்க" என்றேன். என்ன தெரியும் எனக்கு?

கல்யாணமான வருஷம் ஆடிக்கு உன்னை ஊருக்கு அழைத்து வந்தார்கள். கடலைக் காட்டில் களை வெட்டும்போது குனிந்தாய். ரவிக்கைக்கு மேலே உன் முதுகில் நீளநீளமாகத் தழும்பு. நான் பார்த்ததை நீயும் பார்த்துவிட்டாய். சிரித்தாய்.

"குதிரை வரலை புள்ள. சாட்டை மட்டுந்தான் வந்துச்சு."

நான் அழுதேன். நீ அழவில்லை. "எங்கம்மாகிட்டச் சொல்லிப் போடாத. அடுத்தவ ஒருத்தி ஊட்டுல இருக்கறா, அவளுக்கு மாப்பிள்ளை அமையோணும்" என்றாய். அன்று சாயங்காலம் பாவாயி கேட்டாள் என்று அதே பாட்டை முழுதாகப் பாடினாய். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பங்குனியில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

இப்போது உன் புருஷன் வீட்டார் தம்மம்பட்டியிலிருந்து வந்து பாவாயியைக் கேட்டிருக்கிறார்கள். அக்காள் இருந்த இடத்துக்குத் தங்கை என்பது ஊர் வழக்கம். கிணற்றடியில் அவளைக் கேட்டேன்: "உனக்குச் சம்மதமா சாமி?"

"பாட்டுல வர்ற மச்சான் தானுங்கக்கா. எங்கக்கா ஒரு நாளாச்சும் குறை சொல்லியிருக்குதா?"

அலசிய துணியை அங்கேயே போட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முறத்தில் உப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது.

"அத்தை, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"அடேயப்பா, நீயா பேசற? மழைதான் வரப் போவுது" என்று சிரித்தார்.

சொன்னேன். நீ சொல்லாதே என்றதை மீறினேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொல்லி முடிக்கும்வரை அத்தை உப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா ஏன் புள்ள சொல்லலை?"

"பாட்டு நான் கட்டுனதுங்க. பொய்யுன்னு சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

அத்தை முறத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, "வாக்குக் குடுத்தாச்சு. விடிஞ்சா சனம் வந்துரும். உங்க மாமன் வாயே திறக்க மாட்டாரு. அத்தனை பேருக்கு முன்னால யாரு சொல்றது?" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் கட்டிய பொய்யை உன் வாய் பாடியது. இப்போது பாவாயியின் வாயும் பாடுகிறது. இனி உண்மையையும் வேறொருத்தி வாயில் வைக்க முடியாது.

நேற்றுக் காலை உன் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்துச் சனமும் உட்கார்ந்தார்கள். உன் புருஷன் புது வேட்டியில் தலை குனிந்திருந்தான். பெரியவர் ஒருவர், "மாத்திக்கலாமுங்களா?" என்று கேட்டு உப்புச் சர்க்கரைத் தட்டைக் கையில் எடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, கூடத்தின் நடுவில் போய் நின்று, "இருங்க" என்றேன்.