பின்பக்கத்துப் பிள்ளையார் சுழி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெக்கை. மழைக்குக் கறுத்தது, பிறகு மனம் மாறிவிட்டது.

பேனா கீறுகிறது. நேற்றுதான் கழுவி மை நிரப்பினேன். அதே நீலக்கறுப்புப் புட்டி, அதே நோட்டு. ஆறு வருடமாக என் கையைத் தவிர வேறு கை படாத பேனா. முள் என் சாய்வுக்குப் பழகியது; தாளில் வைத்தால் தானே ஓடும். இன்று ஒவ்வொரு வளைவிலும் பிறாண்டியது.

காரணங்கள்:
1. முள்ளில் தூசு. இல்லை, கழுவியாயிற்று.
2. மை பழசு. இல்லை, புட்டி திறந்து ஒரு மாதம்தான்.
3. யாரோ எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் மூன்று பேர். நான். கணவர் ராஜன் (இங்கே எப்போதும் போல் ரா.). அவருடைய மூத்த சகோதரி ருக்கு அக்கா. கண் புரை ஆபரேஷன் முடிந்து செலண்டாரிலிருந்து இங்கே சுங்கை ஊடாங்குக்கு வந்து பன்னிரண்டு நாள். கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்து வீட்டில் விழும் ஊசியின் சத்தம் வரை கேட்கிறார்.

நான் பேனா கழுவும்போது அக்கா: "ஏன்லா கலா, பச்சப் புள்ளைக்குக் கூட நம்ம இப்படித் தண்ணி ஊத்துனது இல்ல. கடயில பேனா இல்லயா? எழுது, தீந்தா வீசு."

"இதுல எழுதினா கை வலிக்காதுக்கா."

"அப்படி என்னத்த எழுதற?"

அக்காவைப் பற்றி இந்த நோட்டில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன். நான்கும் அவர் படிக்கக் கூடாதவை.


ஜூலை 8, செவ்வாய்

லேப்பில் எழுபது தண்ணீர் மாதிரிகள். மாதிரிப் புட்டிகளுக்கு லேபிள் எழுதுவது மட்டும் பால்பாயிண்ட் பேனாவில்தான், அங்கே வேறு வழியில்லை. ஐந்து மணிக்குக் கட்டை விரல் மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்து இந்தத் தாளைத் தொட்டதும்தான் சரியானது. கெட்டித் தாள், லேசான மஞ்சள், மை பின்பக்கம் ஊறாது. பள்ளி நோட்டில் இதே மையை விட்டால் பஞ்சில் விட்டதுபோல் பரவும். வாழ்க்கையில் நான் செய்துகொண்ட ஆடம்பரம் இவ்வளவுதான்: ஒரு பேனா, வருடத்துக்கு இரண்டு நோட்டு. யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்திருந்தேன்.

லேப்பிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டு வந்தேன். முள்ளின் இரு கால்களும் விரிந்திருக்கின்றன. பால் பேனா பிடித்துப் பழகிய கை அழுத்தியிருக்கிறது. நான் அழுத்துவதில்லை.

ஒரு நிரப்பல் எனக்கு ஒன்பது நாள் வரும். இரண்டே நாளில் பாதி.


ஜூலை 9, புதன்

பிடிபட்டது. ஆள் அல்ல, தடயம்.

இன்று எழுத நோட்டைத் திறந்தால் நேற்றைய தாள் கையோடு வந்துவிட்டது. நூலால் தைத்த நோட்டு. ஒவ்வொரு தாளுக்கும் தையலின் மறுபக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. ஒன்றைக் கிழித்தால் இன்னொன்று பிடி விட்டுவிடும். இந்த நோட்டில் கடைசிக் கட்டுதான் பாக்கி, அதன் முன்பாதியில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். பின்பாதியில் ஒரு தாள் இல்லை. பள்ளி நோட்டில் கிழித்துப் பழகியவர்கள் செய்வது. பின்னால் ஒரு தாள் போனால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள்.

இன்னொன்றும் இருந்தது. கடைசித் தாளின் உச்சியில், நட்டநடுவில், ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆரம்பித்து, யாரோ வரும் சத்தம் கேட்டு நிறுத்தியதுபோல்.

நான் சுழி போடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் விட்ட பழக்கம். இந்தக் குடும்பத்தில் பலசரக்குச் சீட்டுக்கும் சுழி உண்டு. சுழி இல்லாமல் எழுதியதால்தான் தனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது என்று அக்கா இன்றும் நம்புகிறார்.

ஆக, அக்கா. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறாரோ? அந்த நான்கு இடங்களையும் எடுத்துப் படித்தேன். மூன்று நியாயமானவை. ஒன்று கொஞ்சம் அதிகம்தான்.


ஜூலை 10, வியாழன்

சோதனை வைத்தேன். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரிப்போட் எழுதுவது என் வழக்கமில்லை.

நேற்றைய தேதிக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: "ஃபிரிட்ஜில் இருக்கும் நண்டுக் குழம்பு கெட்டுவிட்டது. நாளை கொட்ட வேண்டும்." குழம்பு புதன் மாலை வைத்தது, அருமையாக இருந்தது. நோட்டைப் படித்தவர் தொடமாட்டார்.

வேலை முடிந்து வந்தேன். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

அக்கா: "நண்டு நல்லா இருந்துச்சிலா. நானும் தம்பியும் மதியம் முடிச்சிட்டோம். ஒனக்கு வைக்கணும்னுதான் பாத்தோம்."

ரா.: "பாத்தோம்தான். கால் மட்டும்தான் இருந்திச்சி, அதுக்கு ஒரு சட்டி எதுக்குன்னு…"

ஆக, இருவரும் படிக்கவில்லை. நிம்மதி வரவேண்டும். வந்தது எரிச்சல். படிக்காதவர் என் நோட்டை எதற்குத் திறக்க வேண்டும்?

இன்னொரு தாளும் போயிருக்கிறது.


ஜூலை 12, சனி

ரா.வுக்கு இன்று லோரி இல்லை. போர்ச்சில் நின்று போனில் மணியத்திடம் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் எண்ணெய் டேங்கர் ஓட்டுபவர்கள், இருபது வருடச் சிநேகம். நான் சன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. கேட்டதும் நகரவுமில்லை.

"ஃபாரம் வந்திருச்சிலா மணியம்… ம்ம்… கையெழுத்துதான் பிரச்சன. ஒரே மாதிரி விழணும்ல… இல்லலா, கலாவுக்குத் தெரிய வேணாம். அவளுக்கு ஒரு நூல் கெடச்சா போதும், லேப்புல தண்ணிய விசாரிக்கிற மாதிரி விசாரிப்பா."

பிறகு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன ஃபாரம்? எனக்குத் தெரியக் கூடாத கையெழுத்து எது? செலண்டாரில் அக்கா இருக்கும் வீடு இன்னும் ரா. பெயரில். அக்கா வந்து பதினேழு நாள். கண் மட்டும்தான் காரணமா? வீட்டை எழுதிக் கொடுப்பதென்றால் கொடுக்கட்டும், நான் மறுக்கப் போவதில்லை. என்னிடம் சொல்லாமல் செய்வதுதான் உறுத்துகிறது.

இருபத்து மூன்று வருடம். நான் ஒன்றையும் எளிதில் நம்பாதவள் என்று பெயர். இவரை மட்டும் சோதிக்காமல் விட்டிருந்தேன்.

மாலை காப்பி. ரா. இப்போதெல்லாம் பெரிய மக்கில்தான் குடிக்கிறார், அதுவும் பாதி அளவு. கோப்பையும் தட்டும் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. துவைக்கிற துணியிலும் பொத்தான் வைத்த காலர் சட்டை இல்லை, எல்லாம் டீ சட்டை. இளமை திரும்புகிறதோ என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.


ஜூலை 13, ஞாயிறு

காலை பத்து மணி. தூறல். அக்காவை அழைத்துக்கொண்டு ரா. கோயிலுக்குப் போனார். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். பொய்.

கிழித்த தாளுக்கு அடியில் இருந்த தாளை எடுத்தேன். பேனாவை அழுத்தாமல் எழுதினால் அடித்தாளில் தடம் விழாது. இவர் அழுத்தியிருக்கிறார். பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தேன். பள்ளங்கள் வெள்ளையாக எழுந்து வந்தன.

மேலே சுழி. கீழே ரா.வின் கையெழுத்து. மீண்டும் அதே கையெழுத்து. வரிசை வரிசையாக, எண்ணினேன், முப்பத்தொன்று. வேறு ஒரு சொல் இல்லை. என் கையெழுத்து இல்லை, அக்காவின் பெயர் இல்லை, வீடு இல்லை.

தன் கையெழுத்தைத் தானே பழகுகிற மனிதன் யார்?

ஒப்பிட ஒரு பழைய மாதிரி வேண்டும். மகள் பினாங்கில் படிக்கிறாள், அவளுடைய பள்ளி ரிப்போட் புத்தகங்கள் என் அலமாரியில். ஆறாம் வகுப்பு, தந்தையின் கையெழுத்து: அகலமாக, கடைசிக் கோடு வால்போல் நீண்டு ஓடும். பென்சில் தாளில் முதல் கையெழுத்து ஏறக்குறைய அதே. ஐந்தாவதில் வால் இல்லை. பத்தாவதில் பாதி அளவு. முப்பத்தொன்றாவது எறும்பு. எல்லாக் கோட்டிலும் பல்பல்லாக ஒரு நடுக்கம். சுழியின் வளைவுகூட ரம்பம்போல்.

மக். டீ சட்டை. பொத்தான். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

மதியம் ரா. படுத்த பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, இவர் கையி…"

"இப்பத்தான் கேக்கறியா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"வந்த மொத நாளே. காப்பி கொண்டாந்து குடுத்தான், கோப்ப தட்டுல டகடகடகன்னு அடிக்குது. யாருலா இது தந்தி அடிக்கறதுன்னு கேட்டேன். அடுத்த நாள்லேருந்து மக்குல வருது. எனக்குக் கண்ணத்தான்லா கட்டியிருக்கு. ஒனக்கு என்னா?"

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டான். லைசென்ஸ் மெடிக்கல் வருதாம். கையி ஆடுதுன்னு தெரிஞ்சா டேங்கர் குடுக்க மாட்டாங்க, கலா கேட்டா அன்னிக்கே நிறுத்திப்புடுவான்னு சொன்னான்." கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, "நீ நிறுத்துவதான?"

பூதக்கண்ணாடி வைத்துப் பேனாவின் முள்ளைப் பார்த்தவள் நான். அக்காவைப் பற்றி எழுதிய நான்கு இடங்களில் மூன்றை அடித்தேன்.


ஜூலை 14, திங்கள்

விடுப்பு போட்டுவிட்டு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். வியாழன் காலை 9.

டேங்கரில் முப்பதாயிரம் லிட்டருக்கு மேல் பெட்ரோல். இன்று காலையும் எடுத்துக்கொண்டு போனார். சாலையில் எதிரே வரும் பள்ளி பஸ்களை நினைத்தேன். பிறகு அவரை நினைத்தேன். எது முதலில் வந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

நேரில் கேட்டால் சிரிப்பார், அல்லது கத்துவார், இரண்டுக்கும் பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார். தெரியும். என் நோட்டின் முன்பக்கத்தை அவர் படிக்கமாட்டார், அது நண்டில் நிரூபணமாகிவிட்டது. பின்பக்கம்தான் அவருடையது.

ஆகவே, கடைசித் தாள். அவர் போட்டுவிட்டுப் போன சுழிக்குக் கீழே எழுதினேன்:

"வியாழன் காலை 9, டாக்டர். நானும் வருகிறேன். அதுவரை லோரி எடுக்க வேண்டாம். பேனாவை அழுத்தாமல் பிடியுங்கள். அதற்கு அழுத்தமே வேண்டாம்."

முள்ளை நிமிர்த்தி, மை நிரப்பி, பக்கத்தில் வைத்தேன். மூடியைத் திருகவில்லை. திருகுவது அவருக்குச் சிரமமாக இருக்கலாம்.


ஜூலை 15, செவ்வாய்

காலை ஆறு மணி. லோரிச் சாவி கொக்கியில் இல்லை. அவரும் இல்லை.

லேப்பில் ஒரே மாதிரியை இரண்டு தடவை பதிந்தேன்.

திரும்பி வந்தபோது ரா. ஹாலில் அக்காவுக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. "ஆடாம இருலா" என்று அக்காவைத் திட்டினார். "யாருலா ஆடறது?" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். நான் நேராக அறைக்குப் போனேன்.

கடைசித் தாள் கிழியாமல் இருந்தது. என் வரிகளுக்குக் கீழே, முதல் சொல் பெரிதாக, போகப் போகச் சிறுத்து:

"சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன். வியாழன் வரைக்கும் லீவு. மணியம்தான் என் டிரிப்ப எடுக்கறான். முன்பக்கம் நான் பாக்கல. சத்தியமா."

கடைசிச் சொல்லைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

உண்மையா என்று லோரி ஆபீசுக்குப் போன் போட்டேன். "ராஜன் சூத்தி, காக்", ராஜன் லீவு அக்கா, என்று மலாயில் சொன்னாள் அங்கே இருந்த பெண். லீவுதான். போனை வைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.


ஜூலை 17, வியாழன்

கிளினிக். 9.20. குளிர்சாதனம் பலம். புது நோட்டின் முதல் பக்கம். பழையதன் கடைசித் தாளுக்கு மேல் எழுத மனம் வரவில்லை.

காலையில் காலர் சட்டையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "டாக்டர்கிட்ட டீ சட்டையிலயா போறது? பொத்தான் போட்டு வுடு." ஆறு பொத்தான். ஹாலிலிருந்து அக்கா: "இன்னும் கெளம்பலயா ரெண்டு பேரும்? சத்தத்தயே காணோம்?"

இங்கே கவுண்டரில் பதிவுத் தாள். பால் பேனா நூலில் கட்டித் தொங்கியது. அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார். என் பேனாவைக் கொடுத்தேன். "அழுத்தாதீங்க." தாளின் உச்சியில் முதலில் சுழி போட்டார். கவுண்டர் பெண் மலாயில் இது என்ன என்று கேட்டாள்.

"ஸ்டார்ட் பண்ற பட்டன்லா, டிக்" என்றார், மலாயில் அவளைத் தங்கச்சி முறை வைத்து.

கையெழுத்து சிறியதுதான். பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

பேனா இப்போது என்னிடம், மூடி அவரிடம். உள்ளங்கையில் வைத்திருக்கிறார், நாற்காலியின் இரும்புக் கையில் மூடி பட்டு டகடகவென்கிறது. எதிரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கையைப் பைக்குள் விடவில்லை.

பெயர் கூப்பிடுகிறார்கள். மூடியைக் கொடுக்கிறார்.