நண்டுக்குத் துணை

இகத்புரி,
சங்கராந்திக்கு மறுநாள்.

அன்புள்ள வசந்த் தம்பிக்கு,

உங்கள் அண்ணி இந்துமதி எழுதுவது. புசாவலில் நீங்கள், மீரா, குழந்தை எல்லோரும் சுகம்தானே? சங்கராந்தி எள்ளுருண்டையை இந்தக் கடிதத்தோடு ரயில் கார்டிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போன வருஷம் பாதி டப்பாதான் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தடவை டப்பாவைத் துணியில் சுற்றித் தைத்துவிட்டேன். கார்டு என்னை முறைத்துக்கொண்டேதான் வாங்கினார்.

உங்கள் அண்ணனுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாய் மட்டும் குறையவில்லை. நேற்று குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். டாக்டர் உப்பு கூடாதென்றதை ஞாபகப்படுத்தினேன். "அந்த டாக்டரு ஒரு நாள் வந்து இதச் சாப்பிட்டுப் பாக்கட்டும், அப்புறம் யாரு படுக்கைல விழறாங்கன்னு பாக்கலாம்" என்கிறார்.

நம் நண்டின் கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நீங்களும் அவரும் கசாரா மலையில் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினீர்களே, நண்டு என்று நாம் பேர் வைத்த அந்த மின்சார எஞ்சினை மழைக்காலத்தில் ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள், உடைப்பதற்கு. கூடவே இன்னும் இரண்டு. உடைக்க வேண்டியதில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார்கள் அல்லவா? நண்டின் குறி மட்டும் மறுநாள் காலையில் இருக்காது. மறுபடி போடுவார்கள், மறுபடி காணாமல் போகும். இகத்புரி மழையில் எந்தச் சாக்கட்டி நிற்கும் என்று ஃபோர்மன் தலையில் அடித்துக்கொண்டாராம். மழைக்கு நண்டின் மேல் மட்டும் என்ன அக்கறை? துவைக்கிறவள் நான். இவருடைய நீலக் கைக்குட்டை தினமும் வெள்ளையாக வந்தது. நானும் தினமும் அலசிக் காயப்போட்டேன்.

மழை நின்றதும் பெயின்டால் குறி போட்டார்கள். அன்று இவர் சாப்பிடவில்லை. மற்ற இரண்டையும் வெட்டி லாரியில் ஏற்றிய சத்தம் வீடு வரை கேட்டது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கடைசியில், சாமி புண்ணியம், ஒன்றையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. மிச்சமிருந்தது நண்டு ஒன்றுதான். நாக்பூரில் ஒரு பூங்காவில் கூரை போட்டு நிறுத்தப்போகிறார்களாம். அதைக் கேட்டு இவர் சிரித்தாரே, அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! அந்த இரும்புக்குத் திருஷ்டி சுற்றிப் போடலாமா என்று எனக்கே தோன்றியது.

கிளம்பும் நாள் தெரிந்ததும்தான் வம்பு ஆரம்பித்தது. டீசல் எஞ்சின் இழுத்துப்போகும்போது கை பிரேக்கைப் பார்த்துக்கொள்ள நண்டுக்குள் ஓர் ஆள் உட்கார வேண்டுமே, அந்த ஆள் தான்தான் என்கிறார். ஃபோர்மன் நல்ல மனுஷர். "அண்ணே, நீங்க ரிடையர் ஆன மனுஷன், அண்ணியோட வீட்ல நிம்மதியா இருங்களேன்" என்றாராம். அதற்கு இவர், "காலம் பூரா அடுத்தவன் வண்டிய மேல தள்ளி விட்டுட்டுக் கீழ இறங்கினவன் நான். இகத்புரிக்கு அப்பால கம்பியில வேற கரண்ட்டு, நண்டு அதுல ஓடாது. அதுக்கும் வழியில்ல, எனக்கும் வழியில்ல. இப்ப அது போகுது. நான் மட்டும் பிளாட்பாரத்துல நின்னு கை ஆட்டணுமா?" என்று கேட்டாராம். இகத்புரி தாண்டினால் உங்கள் புசாவல் எல்லை, அங்கே வண்டிக்கு ஆள் போடுவது நீங்கள்தானே; நீங்கள் சரி என்றால் கூட ஓர் ஆளாக ஏற்றிக்கொள்ளலாம் என்று ஃபோர்மன் சொல்லியனுப்பினார்.

டாக்டர் பயணமே கூடாது என்கிறார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அது இவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முடியாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என எழுதத்தான் தம்பி உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தால், உள்ளே பழைய யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார், கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி. எனக்கு மனசு கேட்கவில்லை. சரி என்றே சொல்லிவிடுங்கள்.

கை பிரேக் வயசுப் பையன் யாரிடமாவது இருக்கட்டும். தன்னிடம்தான் இருக்கிறதென்று இவர் நினைத்துக்கொள்ளட்டும். மாத்திரை சட்டையின் இடது பையில் இருக்கும். பாக்ரி ரொட்டியும் மிளகாய்ச் சட்னியும் கட்டிக் கொடுக்கிறேன். ஆமாம், உப்புப் போட்டுத்தான். மலையேறும்போது காட்டன்தேவிக்குக் கும்பிடு போடாமல் அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. இந்த முறை வண்டி எதிர்ப்பக்கம் போகிறது, அம்மன் கோயில் வழியில் வராது. அவருக்காக நானே போய்த் தேங்காய் உடைத்துவிடுகிறேன்.

மன்மாட் தாண்டினால் களைத்துப்போய் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். யாரும் எழுப்ப வேண்டாம். புசாவல் வந்ததும் நீங்கள் ஏறி, மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எதுவானாலும் எனக்குத் தந்தி அடிக்காதீர்கள் தம்பி. நீங்களே வந்து சொல்லுங்கள்.

குழந்தை தீர்க்காயுசாக இருக்கட்டும்.

உங்கள் அண்ணி,
இந்துமதி ஷெலார்