சம்பளமில்லாத இரண்டு வருடம்

மார்ச் 6, வியாழன்

என் புருஷன் அல்சீட் இறந்துபோன பிறகு இன்றுதான் யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டேன். மாவிஸின் பிடுங்கல் தாங்கவில்லை. "சுவத்தோட பேசினது போதும்டி. அங்க ஆள் இல்லாம நாங்க அல்லாடுறோம். மிஸ் கில்லரி உன்னையக் கேட்டுக்கிட்டே இருக்காங்க." பதினாறு வருடம் நான் வேலை பார்த்த முதியோர் இல்லம்தான். மாவிஸும் நானும் எப்போதும் ஒரே ஷிப்ட்.

மிஸ் கில்லரி அங்கே நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. நான் போனதும் கட்டிப்பிடித்தார், துக்கம் விசாரித்தார், திங்கட்கிழமையே வந்துவிடு என்றார். பிறகு என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் மாறிவிட்டது.

"ஒடெட், உன் நர்ஸ் உதவியாளர் சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சும்மா. ரெண்டு வருஷமா நீ எங்கயும் வேலை பாக்கலைன்னு காட்டுது."

வேலை பார்க்கவில்லையாம். பக்கவாதத்தில் விழுந்த மனுஷனைக் குளிப்பாட்டியது யார்? தூக்கி உட்கார வைத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்தபடி ஊட்டியது யார்? கடைசி நாள்வரை அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. இல்லத்தில் பெரிய பெரிய டாக்டர்கள் வந்துபோகும் அறைகளில் எத்தனை புண்களைப் பார்த்திருக்கிறேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் மிஸ் கில்லரி. "ஆனா சம்பளத்துக்குச் செஞ்சாத்தான் சான்றிதழ் தர்ற மாநில அலுவலகத்துக்கு அது வேலை."

இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரே ஒரு ஷிப்ட், நர்ஸ் மேற்பார்வையில, சம்பளத்துக்குப் பாத்திருந்தாப் போதுமே மேடம் என்றாள்.

ஒரே ஒரு ஷிப்ட்! அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

"அப்ப நான் ஊரான் புருஷனைக் குளிப்பாட்டி, ஊரான் பொண்டாட்டி என் புருஷனைக் குளிப்பாட்டியிருந்தா ரெண்டு பேருக்கும் சான்றிதழ் இருந்திருக்கும். அப்படித்தானே?" என்று கேட்டேன்.

அவள் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மறுபடி வகுப்புக்குப் போக வேண்டாம் மேடம், தேர்வு மட்டும் எழுதினாப் போதும். அது ஒரு சலுகை" என்றாள்.

சலுகை. வாயில் வந்ததை இங்கே எழுத மாட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கெட்ட வார்த்தை ஆகாது.

இரவுக்கு இறால் போட்டு கம்போக் குழம்பு வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். அதற்கு வறுத்த மாவு தீய்ந்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாதா கோவிலில் மூன்று பேர் என் கையைப் பிடித்து, நீ ஒரு தேவதை, அல்சீட் கொடுத்து வைத்தவர் என்றார்கள். தேவதையை வேலைக்கு வைத்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 22, சனி

மாவிஸ் வந்தாள். தேர்வுப் பயிற்சிக்கு அவள்தான் நோயாளி. சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு மகாராணி மாதிரி அதிகாரம்.

"ஏன்டி, சட்டி தேய்க்கிற மாதிரியா என் மூஞ்சியத் தொடைக்கிற? நான் செத்தா நீ என்னைத் தொடக்கூடாதுன்னு எழுதி வெச்சிட்டுப் போறேன்."

"முதல்ல வாயை மூடு. நீ நோயாளி."

"நோயாளிக்கு வாய் உண்டு. பேசிக்கிட்டே செய்யணும், தெரியும்ல? இப்ப என்ன செய்யப் போறேன்னு சொல்லு."

சொன்னேன். திரையை இழுத்துவிட்டேன் (திரை இல்லை, இழுத்ததாகப் பாவனை). சக்கர நாற்காலியின் பூட்டைப் போட்டேன் (சாப்பாட்டு மேசை நாற்காலி, பூட்டு ஏது). அழைப்பு மணியை அவள் கையில் வைத்தேன் (டிவி ரிமோட்). ஐம்பத்து மூன்று வயதில் இரண்டு பொம்பளைகள் சொப்பு வைத்து விளையாடுகிறோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் போன பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

இல்லத்தில் அந்த இடத்தை ஏப்ரல் முடியும்வரை எனக்காக வைத்திருப்பாராம் மிஸ் கில்லரி. அதற்கு மேல் அவராலும் முடியாது. அல்சீட்டின் பென்ஷனும் அவரோடு போய்விட்டது. தேர்வில் தேறியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

தோற்றுவிட்டேன்.

எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பில்லை. கை கழுவியது சரி, நாடி பார்த்தது சரி. பிறகு சட்டை போட்டுவிடும் வேலை வந்தது. தேர்வுக்கு வந்திருந்த இன்னொரு பெண், மகள் வயது இருக்கும், கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்தாள். வலது கை பலவீனம் என்று தேர்வாளர் வாசித்தார். நன்றாகக் காதில் விழுந்தது. பலவீனமான கையைத்தான் முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது அதைத்தான் கடைசியில் எடுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"இப்ப சட்டை போட்டு விடறேன்" என்று சொல்லிவிட்டு இடது கையைத் தூக்கினேன்.

முழங்கைக்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்து, மணிக்கட்டைத் தாங்கி, சட்டைக் கைக்குள் என் கையை விட்டு அவள் விரல்களை வாங்கி, மெதுவாக, துளி இழுப்பு இல்லாமல். அழகாகப் போட்டேன். தேர்வாளர் பேனாவால் ஏதோ குறித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அல்சீட்டுக்கு முடங்கியது இடது கை.

தப்பைச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம், விதியில் இடம் உண்டு. வாயைத் திறந்திருக்கலாம். திறக்க வரவில்லை. அந்தப் பெண்ணின் இடது கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள்தான் மெல்லிய குரலில், "மிஸ், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை.

யார்மேல் கோபப்படுவது? வலது கை முடியாதவருக்கு அப்படிப் போட்டால் வலிக்கும். தோளே பிசகும். என்னிடம் யாராவது பயிற்சிக்கு வந்து இப்படிச் செய்திருந்தால் நானே விரட்டியிருப்பேன். தேர்வாளர்மேல் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. ரெண்டு வருஷம் நான் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னீங்களேடா. ஒண்ணும் செய்யாத கைக்கு எப்படிடா இடது பக்கம் பழகும்?

ஏப்ரல் 26, சனி

தேறிவிட்டேன். வலது கையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு போனேன், அதைப் பார்த்து ஞாபகம் வர. மாவிஸ் ஒரு வாளி நண்டு வேகவைத்துக் கொண்டுவந்தாள். அவள் அம்மா யூலாலியும் வந்து, காரம் பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே பாதி வாளியைக் காலி செய்தார்.

மே 12, திங்கள்

முதல் நாள். கால் இரண்டும் கொழுக்கட்டை. இடுப்பு என்னுடையதாகவே இல்லை. பத்துப் பேருக்கு நான் ஒருத்தி. நன்றாகத் தூக்கம் வரும்.

ஜூன் 10, செவ்வாய்

மாவிஸின் அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடமாட்டம் கஷ்டம் என்கிறார்கள். மாவிஸ் வேலையை விட்டுவிட்டாள்.

பிரிவுக்குக் கேக் வெட்டினார்கள். எல்லோரும் நீ ஒரு தேவதை என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மாவிஸ் வீட்டுக்குப் போய் விதியைச் சொன்னேன். நடுவில் ஒரு ஷிப்டாவது வந்து சம்பளம் வாங்கு, இல்லாவிட்டால் என் கதிதான் என்றேன்.

"எங்கம்மாவ யார்கிட்டடி விட்டுட்டு வர? ஏஜென்சிக்காரிகிட்டயா? அவ போன் பாத்துக்கிட்டே பெட்பேனக் கவுப்பா."

"நான் வர்றேன்."

"உனக்கே வாரம் பூராவும் வேலை. லீவு நாள்லயும் மூத்திரத் துணி மாத்தணுமா?"

கத்திவிட்டேன். அவ்வளவு நாளும் சேர்த்து வைத்ததை எல்லாம். என் புருஷன் பட்டதும் நான் பட்டதும் போதாதா, நீயும் அந்தத் தேன் ஒழுகுறவகிட்டப் போய் நிக்கணுமா, அவ உனக்கும் சலுகை தரணுமா என்று. உள் அறையிலிருந்து யூலாலி, "இங்க ஒருத்தி சாகக் கெடக்கேன், அங்க என்னடி சந்தைக்கடை" என்றார்.

மாவிஸ் தட்டில் சோறும் சிவப்புப் பீன்ஸும் போட்டு என் முன்னால் வைத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

மிஸ் கில்லரியிடம் நின்றுகொண்டே பேசினேன். போகிறவர்களுக்குக் கேக் வெட்டத் தெரிகிற உங்களுக்கு, இந்த ஒரு விதியைச் சொல்லி அனுப்ப ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். பதினாறு வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாவிஸ் பேரைத் தேவைப்படறப்ப கூப்பிடற ஆளுங்கள்ல போட்டு வைக்கிறேன்" என்றார். "எப்ப முடியுதோ அப்ப வரட்டும்."

நவம்பர் 15, சனி

ஒருவழியாக மாவிஸ் இன்று ஷிப்டுக்குப் போனாள். யூனிஃபார்ம் இடுப்பில் இறுகிப்போயிருந்தது, திட்டிக்கொண்டே போனாள். நான் யூலாலியோடு.

குளிப்பாட்டினேன். புரட்டிவிட்டேன். குதிகால் கொஞ்சம் சிவந்திருந்தது, தலையணை கொடுத்துத் தூக்கி வைத்தேன். முடியைப் பின்னிவிட்டேன். பின்னல் கோணல் என்றார், அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

"மாவிஸ் உனக்கு எவ்வளவு தர்றா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"அப்பப் பின்னல் கோணலாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

மாலை மாவிஸ் வந்து செருப்பை உதறி, நாற்காலியில் விழுந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "மிஸ் கில்லரி கையெழுத்துப் போட்டுட்டாங்கடி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு என்னைய ஒருத்தரும் அசைக்க முடியாது" என்றாள். அப்படியே உள்ளே போய் அம்மாவின் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தாள்.

நான் இன்று காலையிலிருந்து செய்தது அந்த அலுவலகத்தின் கணக்கில் வேலை இல்லை. இந்த இரண்டு வருடம் முடிவதற்குள் அவளை இன்னொரு ஷிப்டுக்கு அனுப்ப வேண்டும்.