ஹக்கீம் நெய்னா லெப்பையின் மருந்துப் பெட்டி

வெண்கடல் நாடாளும் அரசர் திருவுளப்படி, அமைச்சர் சேந்தன் மாறனார் சங்குத்துறைக் காவலர் அழகன் பெருமானுக்கு விடுக்கும் ஓலை. துறையும் அதில் அடையும் கலங்களும் நலமாய் இருக்க.

ஆனித் திங்கள் முதல் வெள்ளியன்று, சங்குத்துறையில், ஹக்கீம் நெய்னா லெப்பையின் மருந்துப் பெட்டி, வழக்குத் தீரும்வரை ஈட்டுப் பணத்துக்குப் பிணையாகப் பூட்டப்பட்டு அரச முத்திரை இடப்பட்டது.

வழக்கு இது. பக்கீர் மரைக்காயரின் மருமகள் மைமூன் நான்காம் மாதக் கருவோடு உதிரம் நில்லாமல் கிடந்தாள். கணவன் உதுமான் கடல்மேல் இருந்தான். கருவைக் கலைத்தாலன்றித் தாய் பிழையாள் என்று கண்ட ஹக்கீம், அவளிடமும் மாமனாரிடமும் சம்மதம் பெற்றே மருந்து கொடுத்தார். அவள் பிழைத்தாள். கரை திரும்பிய உதுமான், தன்னைக் கேளாமல் கரு போயிற்றென்றும், அதற்கு மார்க்கம் விதித்த ஈட்டுப் பணமாகிய குர்ராவை ஹக்கீம் தரவேண்டுமென்றும் முறையிட்டான். தாம் எதற்கும் தலையசைக்கவில்லை என்றார் பக்கீர்.

வழக்கைக் கேட்ட மார்க்க நீதிபதி காஜியார் முன் மைமூன் கூறியது, கூறியபடியே எழுதப்பட்டுள்ளது: “மாமா, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க. ஹக்கீம் கையப் புடிச்சுக்கிட்டு, பேரன் பெறகு வருவான், மருமவப் புள்ளயக் காப்பாத்துங்கன்னு அழுதது ஆரு? மவன் மூஞ்சியப் பார்த்ததும் நாக்கு மடங்கிருச்சா?”

சம்மதம் இருந்தாலும் மருந்து கொடுத்த கையே ஈடு தரவேண்டும் என்போரும் மார்க்க அறிஞருள் உண்டு என்பதைக் காஜியார் மறைக்கவில்லை. எனினும் தாயின் உயிருக்கு ஆபத்து மெய்யாயிருக்க, தொழில் தேர்ந்தவர் சம்மதத்தோடு பிழையின்றிச் செய்ததற்கு ஈடு இல்லை எனத் தீர்த்தார்.

தீர்ப்புக்கு முன்பே, சங்கு குளிக்கும் முனியனின் மனைவி செல்லி அதே நிலையில் ஹக்கீமின் வாசலில் இறக்கப்பட்டாள். இவளுக்கும் கைவைத்தால் இன்னொரு குர்ராவுக்கு வீடு போகும் என்று அவர் அஞ்சியது உண்மை. அஞ்சியும், முத்திரையை உடைக்கலாமா என்று தங்களிடம் ஆளனுப்பினார். தீர்ப்பு வரட்டும் என்று தாங்கள் சொல்லியனுப்பினீர்கள். செல்லி அந்த வாசலிலேயே இறந்தாள்.

ஆகவே பெட்டியைத் தாங்களே சுமந்து சென்று கொடுக்க. இனி மருத்துவர் எவரின் மருந்தையும் கருவியையும் பிணையாகப் பிடிக்கலாகாது. இதற்கு இன்னோர் ஓலை எழுத இவ்விடத்தில் தெம்பில்லை. அலை கரை தொடும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. வலம்புரி முத்திரை.

ஓலையின் புறத்தில் காவலர் எழுதியது: பெட்டி கொடுக்கப்பட்டது. ஹக்கீம் பெற்றுக்கொண்டார். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து தருகிறார். கர்ப்பிணிகளைப் பார்ப்பதில்லை.