பின்தங்கி வந்த படம்

சிக்வாவா,
ஏப்ரல் 19.

அன்புத் தம்பி தவோங்காவுக்கு,

கூடப் பிறக்காவிட்டாலும் உன் அக்காவான ஸியோனே எழுதுவது. கிகாலி மேட்டு ஊர், குளிரும் என்றார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே வெள்ளம் வடிந்து ஷிரே ஆறு கரைக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். வயலில் சோளம் ஒரு தட்டைகூட மிஞ்சவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "படத்தையும் இடத்தையும் ஒட்டினது என் கைதான் அக்கா, அந்த ரெண்டு புள்ளைங்க பாவம் என்னைத்தான் சேரும்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்; வரிசையாய்ப் போனால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நம் மீட்புக் குழு ட்ரோனின் மூளை திறந்த நிரல். எந்த வரியையும் பிரித்துப் பார்க்கலாம். படத்தையும் கட்டளையையும் சுமக்கும் பெட்டியோ கம்பெனி பூட்டி அனுப்பியது. இரண்டையும் நீ இணைத்தாய். ட்ரோன் இருக்கும் இடம் படத்தின் மேலேயே எழுத்தாக வந்தபோது நாம் கைதட்டினோம்.

வெள்ளத்தின் மூன்றாம் நாள் காலை, கொட்டும் மழையில் பறக்கவிட்டேன். ஆற்று வளைவுக்கு அப்பால் ஒரு தகரக் கூரை. அதன்மேல் ஒரு பெண், இரண்டு சிறுமிகள். இடுப்பில் சுற்றியிருந்த சிட்டென்ஜே துணியை அவிழ்த்து வீசிக் காட்டினாள். பொத்தானை அழுத்தி இடத்தைக் குறித்தேன். பேட்டரி தீரும் நிலை, ட்ரோனைத் திருப்பிவிட்டேன். படகு நான் சொன்ன இடத்துக்குப் போனது. "இங்க ஒண்ணுமில்லம்மா, தண்ணியும் நாணலும்தான்" என்று படகுக்காரர் ரேடியோவில் சொன்னார். "என் கண்ணால பாத்தேன், நல்லாத் தேடுங்க" என்று அதட்டினேன். முக்கால் மணி நேரம் அங்கேயே தேடவைத்தேன். கூரை இருந்தது ஆற்றின் மேல்பக்கம் முந்நூறு மீட்டர் தள்ளி, மரங்களுக்குப் பின்னால். படகு அங்கே போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை.

அந்தப் பெண் எனெலெஸி. மறுநாள் மாமரக் கிளையில் உயிரோடு கிடைத்தாள். பிள்ளைகள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நான் யாரென்று சொல்லவில்லை. அவளாகத்தான் பேசினாள்: "மீன்காரங்க ஓடம் ஒண்ணு தூரத்துல போச்சு. தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தோம். அப்போ அந்தப் பறவை வந்து தலைக்குமேல ஒரு சுத்து சுத்துச்சு. பாத்துட்டாங்கடின்னு சொல்லி, கத்துறத நிறுத்திட்டோம்."

தம்பி, பார்த்துவிட்டார்கள் என்று நம்பித்தான் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு மழை நாளில், சிக்னல் குறையட்டும் என்று ஆண்டெனாவில் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, முற்றத்தில் கேமரா முன் கைக்கடிகாரத்தை நீட்டி நின்றேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். திரையில் நான் இன்னும் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றேன். படம் இருபத்தொரு விநாடி பின்னால் வருகிறது. சிக்னல் குறைந்தால் அந்தப் பெட்டி படத்தைத் தேக்கி, ஒன்றும் நடக்காததுபோல் விடுகிறது. இடக்குறிப்பு மட்டும் உடனே வந்துவிடுகிறது. பழைய படத்தின் மேல் புது இடம். அன்றிலிருந்து கண்ணாடியில் தலை வாரவும் பயமாயிருக்கிறது. நான் நகர்ந்த பிறகும் அது அங்கேயே நிற்குமோ என்று.

விசாரணையில் எல்லோரும் பெட்டியைக் குற்றம் சொல்கிறார்கள். நம் குழு இயக்குநர் சிம்வாசா என்னைத் தனியே அழைத்து, "பூட்டி வச்சவன் மேல பழியப் போட்டா யாருக்கும் வலிக்காது, விடும்மா" என்றார்.

ஆனால் நீ கிளம்பும் முன் சோதனைத் தாளில் எழுதியிருந்தாயே: ஈரச் சாக்கைச் சுற்றி, கடிகாரத்தைக் காட்டிப் பார்த்த பிறகே மழையில் பறக்கவிடவும் என்று. நான் வெயிலில் மட்டும் பார்த்தேன். படம் இமைப்பொழுதில் வந்தது. மழைக்கான கட்டத்தில் பார்க்காமலே 'சரி' போட்டுக் கையெழுத்திட்டேன். வேறு காரணம் இல்லை. அன்று புழுக்கமாய் இருந்தது, சாக்கு கொட்டகையில் இருந்தது, எழுந்து போக எனக்கு அலுப்பு.

அந்தத் தாளின் நகலை இன்று காலை விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பறக்கவிடும் உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனெலெஸியைப் பார்க்க நாளை மறுபடி போகிறேன். இந்த முறை நான் யாரென்று சொல்வேன். அதற்குமேல் அவள் இஷ்டம்.

நீ செய்தது சரியான வேலை. இதை என் கையெழுத்தில் வைத்துக்கொள். யார் கேட்டாலும் காட்டு.

உன் மனைவி லுசுங்குவுக்கு இது பேறு மாதம் என்று உன் அம்மா சொன்னார். தாயும் சேயும் நல்லபடியாகப் பிழைத்து எழ தினமும் வேண்டிக்கொள்கிறேன். என்மேல் கோபமிருந்தால் பதில் எழுத வேண்டாம். பிள்ளை பிறந்ததும் பெயரை மட்டும் ஒரு வரியில் தெரியப்படுத்து. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டேன், தெரிந்துகொண்டால் போதும்.

உன் அக்கா,
ஸியோனே